பெயரில்லாத குளிசை

"மைக்ரேனுக்கு இப்ப இதுதான் நானா நல்லாப் போகுது" என்றான் பாமசிப் பொடியன். கையில் ஒரு சின்னக் காகித உறை. உள்ளே வெள்ளையில் ஒன்று, ரோசில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. காலை, பகல், இரவு என்று உறையில் மும்மொழியிலும் அச்சடித்திருக்கிறது. மருந்தின் பெயர் ஒரு மொழியிலும் இல்லை. கேட்டதற்கு, "தலவலிக் குளிசைதானே" என்றுவிட்டு அடுத்தவரின் துண்டுக்குக் கை நீட்டினான். கலகெதர வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு அதே எரிச்சல்.

என் ஒற்றைத் தலைவலி இப்பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. பெரஹரா தீவட்டிப் புகையும் அதுவும் கூட்டுச் சேர்ந்த கதையை எழுதியபோது, சித்தாலேப பூசச் சொல்லி வந்த கடிதங்கள் இன்னும் மேசையில் கிடக்கின்றன. இக்கிழமை எழுத நினைத்ததும் தலைவலி மருந்துகளைப் பற்றித்தான். மாயோ கிளினிக் நரம்பியல் மருத்துவர் சியா-சுன் சியாங் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வை மருமகன் அனுப்பியிருந்தான். 2014 முதல் 2020 வரை ஏறத்தாழ 2,78,000 பேர், தலைவலி வந்தபோது என்ன விழுங்கினார்கள், கேட்டதா இல்லையா என்று கைபேசிச் செயலி ஒன்றில் பதிந்த விபரங்கள் அவை. இபுபுரோஃபன் கேட்டது நூற்றுக்கு 42 தடவை. நாம் பனடோல் என்றே சொல்லிப் பழகிய பரசிட்டமோல் 37. ட்ரிப்டான் வகையைச் சேர்ந்த எலெட்ரிப்டான் 78, சுமட்ரிப்டான் 72. எல்லாம் அவரவர் சொன்ன பலன். எதிர்பார்ப்பும் எடுத்த அளவும் அதை மாற்றியிருக்கலாம். இருந்தாலும் பனடோலை நம்பியே காலம் தள்ளியவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

சரி, என் உறையில் இருக்கும் மூன்றும் இந்தப் பட்டியலில் எங்கே? யாருக்குத் தெரியும்! ட்ரிப்டான் இரத்தக்குழாயைச் சுருக்கும். இதய நோயாளிக்கு ஆகாது. பரசிட்டமோலோ இபுபுரோஃபனோ மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் சில மாதம் விழுங்கினால், மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். ட்ரிப்டானுக்கு 10 நாளே போதும். பெயர் தெரியாதவன் எதை எண்ணுவது? அந்த வெள்ளை பரசிட்டமோல் என்றால், அதன்மேல் பனடோலும் போட்டுக்கொள்பவனின் ஈரல் என்னாவது?

இந்த இடத்தில் எனக்குப் பேராசிரியர் சேனக பிபிலே ஞாபகம் வருவார். (மறுபடியுமா என்பவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.) கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பேராதனை மருத்துவபீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், நம்மூர்க்காரர் என்று உரிமை கொண்டாட எனக்கு இது போதும். மருந்தியல் பேராசிரியரான அவருக்குக் கடைசிவரை ஒரே பிடிவாதம். கம்பனி வைத்த பெயரை விட்டுவிடு, மருந்தின் பெயரைச் சொல், விலையைப் பிறகு பேசுவோம். அவரும் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலேதான் முதல் தலைவர். இரண்டாயிரத்துக்கு மேல் இறக்குமதியாகிக்கொண்டிருந்த மருந்துகளை அறுநூறு அளவுக்குக் குறைத்தார்கள். பெயர் மட்டும் மாறிய ஒரே சரக்குக்கு ஏன் பல விலை என்று ஒரு சின்ன நாடு பெரிய கம்பனிகளைக் கேட்டது. கம்பனிகளுக்கு அது இனித்திருக்குமா?

1977 செப்டம்பரில் கயானாவில் அவர் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இங்கேயோ ஆட்சி மாறி, இறக்குமதிக் கதவும் அகலத் திறந்தது. கம்பனிப் பெயர்கள் திரும்பி வந்து பாமசி இறாக்கைகளை நிரப்பின. மருந்துகளை ஒழுங்குபடுத்தத் தனி அதிகாரசபைக்குச் சட்டம் வர 2015 ஆயிற்று. முப்பத்தெட்டு வருடம்! அதற்குள் அவரிடம் படித்தவர்களே ஓய்வுபெற்றுவிட்டார்கள்.