பீதியும் பண்ட முடையும்

2025-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி ஜெனிவா நகரில் உலக சுகாதார மகாசபை ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கொள்ளை நோய்க் காலத்தில் தேசங்கள் ஒன்றுக்கொன்று எவ்விதம் உதவிக்கொள்ள வேண்டும் என்பது அதன் விஷயம். 2020, 2021-ஆம் வருஷங்களில் முகக்கவசங்களையும் தடுப்பூசிகளையும் செல்வ நாடுகள் தங்களுக்கென்று முன்னதாகவே வாரிக்கொண்டு, ஏழை நாடுகளைக் காத்திருக்கச் செய்தன. அந்த அநீதி மறுபடியும் நேரலாகாது என்ற எண்ணமே அவ்வொப்பந்தம் பிறந்ததற்கு ஒரு முக்கிய காரணம். நல்ல காரியந்தான். ஆனால் தேசங்கள்மீது குற்றஞ்சாட்டும் நாம், அதே குற்றத்தை நம் தெருக்கோடி மளிகைக் கடையில் நாமே செய்யவில்லையா என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்வது நலம். அந்நாட்களின் நினைவு மங்கிக்கொண்டு வருகிறது. அது அடியோடு மறையுமுன் அதன் பாடத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அக்காலத்தில் நோய்க்கு முன்பாகவே பீதி ஊர் ஊராகப் பிரயாணம் செய்தது. 2020 பிப்ரவரி 7-ந் தேதி சிங்கப்பூர் சர்க்கார் நோய் அபாய நிலையை மஞ்சள் நிறத்திலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தினர். உடனே ஜனங்கள் கடைகளுக்குப் பாய்ந்து, அரிசியையும் நூடுல்ஸையும் கழிப்பறைக் காகிதத்தையும் வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போயினர். அரிசி இறக்குமதி செய்யும் வியாபாரிகள் இரண்டு மாத இறக்குமதிக்குச் சமமான அரிசியை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டில் நெடுநாளைய விதி. ஆகவே அங்கே அரிசிப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் இரண்டு நாட்களுக்குள், ஒருவருக்கு இரண்டு பை அரிசிக்கும் நான்கு கட்டுக் காகிதத்துக்கும் மேல் கிடையாது என்று அந்நகரின் பெரிய கூட்டுறவுக் கடையார் வரையறை செய்ய நேர்ந்தது.

ஹாங்காங்கில் பிப்ரவரி 17-ந் தேதி சில திருடர்கள் கத்தியைக் காட்டிக் கொள்ளையிட்டுச் சென்ற பொருள் தங்கமன்று. சுமார் அறுநூறு சுருள் கழிப்பறைக் காகிதம். ஜப்பானில் அக்காகிதத்தில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே உற்பத்தியாகிறது. அப்படியிருந்தும் சீனாவிலிருந்து வரத்து நின்றுவிடும் என்ற வதந்தி ஒன்றே கடைகளைக் காலி செய்தது. 1973-ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடியின்போது ஒஸாகா நகரை அடுத்த பகுதியில் இதே காகிதத்துக்காக ஜனங்கள் முட்டி மோதியதை அந்நாட்டு முதியோர் மறந்திருக்க முடியாது. நினைவு இருந்தும் பாடம் இல்லை. ஆஸ்திரேலியாவிலோ மார்ச் மாத ஆரம்பத்தில் ஒருவருக்கு நான்கு கட்டு என்ற வரையறை வந்தது. அதுவும் போதாமல் மார்ச் 17-ந் தேதி முதல் கடை திறக்கும் முதல் ஒரு மணி நேரத்தை முதியோருக்கும் அங்கஹீனர்களுக்கும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். காகிதத்தால் ஜுரம் தீருமா என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்தப் பொருளின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அது விலை குறைந்தது, கெட்டுப்போகாதது, பருமனில் பெரியது. பத்துப் பேர் சற்று அதிகமாக எடுத்தாலே அலமாரி வெறிச்சென்று ஆகிவிடும். வெறும் அலமாரியைக் கண்டவன், தானும் இரண்டு கட்டு அதிகமாக எடுக்கிறான். அந்தக் காட்சி படமாகி ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போகிறது. மறுநாள் அடுத்த ஊரிலும் அலமாரி காலி. அங்கே காகிதம், இங்கே பருப்பும் எண்ணெயும் சோப்பும். பொருள் வேறே தவிர நோய் ஒன்றே.

இதன் கணக்கு மிகவும் எளியது. ஆயிரம் குடும்பங்கள் வசிக்கும் ஒரு பேட்டையை எடுத்துக்கொள்வோம். குடும்பம் ஒன்றுக்கு வாரம் ஒரு கிலோ பருப்பு தேவை. அங்குள்ள கடைக்காரர்கள் வாரத்துக்கு 1,200 கிலோ இருப்பு வைத்திருக்கிறார்கள். தேவைக்கு மேல் 200 கிலோ கையிருப்பு. திடீரென்று ஒரு நாள், வருவோர் ஒவ்வொருவரும் மூன்று கிலோ கேட்கிறார்கள். முதல் 400 குடும்பங்களோடு சரக்குத் தீர்ந்தது. மீதி 600 குடும்பங்கள் வெறும் பையோடு வீடு திரும்புகின்றன. விளைச்சல் ஒரு மணியும் குறையவில்லை. உண்ணும் வாய் ஒன்றும் கூடவில்லை. அந்த 400 வீடுகளில் தேவைக்கு மேல் 800 கிலோ தூங்குகிறது. 600 வீடுகளுக்கு வேண்டியதோ 600 கிலோதான்! பற்றாக்குறை நிலத்தில் உண்டானதன்று, சந்தையில் உண்டானதுமன்று, மனத்தில் உண்டானது. ஆனால் அடுப்பெரியாத வீட்டில் அது மெய்யான பற்றாக்குறையே.

நல்ல நிலையிலுள்ள ஒரு பாங்கி முறியப் போகிறது என்ற வதந்தியை நம்பி எல்லாரும் ஒரே நாளில் பணத்தைத் திரும்பக் கேட்டால், அது மெய்யாகவே முறிந்துபோகும். அமெரிக்க சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1948-ஆம் வருஷத்தில் இவ்வுதாரணத்தைக் கொண்டே, பொய்யாகப் பிறந்து தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் நம்பிக்கையின் தன்மையை விளக்கினார். சாமான் கிடைக்காது என்ற பேச்சும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவன் செய்கையும் புத்திசாலித்தனமாகத் தோன்றும். மொத்தமாகப் பார்த்தால் அனைவரும் சேர்ந்து தங்கள் ஊரையே கொள்ளையிட்டிருப்பது தெரியும்.

இது நிற்க. நம் நாட்டில் நடந்தது என்ன? 2020 மார்ச் 3-ந் தேதியன்றே உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தது. சாதாரண முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கு ஏறிவிட்டதென்றும், பீதியாலும் பதுக்கலாலும் வைத்தியர்களுக்கும் தாதியருக்குமே கவசம் கிடைக்காத அபாயம் நேர்ந்துள்ளதென்றும் அது கூறிற்று. மார்ச் 13-ந் தேதி இந்திய சர்க்கார் முகக்கவசங்களையும் சானிடைசரையும் 1955-ஆம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தனர். ஒரு வாரம் கழித்து, 200 மில்லி சானிடைசர் ரூ.100-க்கு மேலும், மூன்றடுக்குக் கவசம் ரூ.10-க்கு மேலும் விற்கலாகாதென்று உச்ச விலை விதித்தனர். அச்சட்டப்படி ஏழு வருஷம் வரை சிறைவாசம் விதிக்கலாம். 1980-ஆம் வருஷத்துக் கள்ள மார்க்கெட் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை காவலில் வைக்கலாம். ஆயுதங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பதுக்கல்காரனைப் பிடிக்கும் சட்டம், பயந்த இல்லறத்தானைத் தேற்றுமா? ஒருவன் லாபத்துக்காகப் பதுக்குகிறான். மற்றவன் குழந்தைகளை நினைத்துப் பதுக்குகிறான். முன்னவனுக்குத் தண்டனை வேண்டும். பின்னவனுக்கு நம்பிக்கை வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே நம் நிர்வாகத்தின் முதற் பிழை.

இரண்டாவது பிழை அறிவிப்பு முறையில் நேர்ந்தது. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார்; அன்று நள்ளிரவு முதல் 21 நாட்கள் தேசம் முழுவதும் அடைப்பு என்றார். நடுவில் இருந்தது நான்கே மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் ஜனங்கள் கடைகளை மொய்க்காமல் வேறென்ன செய்வார்கள்? கூட்டங்கூடுவதால் தொற்று பரவும், பீதியில் வாங்காதீர்கள் என்று அன்றிரவே அவர் வேண்டிக்கொள்ளவும் நேர்ந்தது. அத்தியாவசியக் கடைகள் திறந்திருக்கும் என்ற உறுதியே முதல் வாக்கியமாகவும், அடைப்பு இரண்டாவது வாக்கியமாகவும் இருந்திருந்தால் அவ்விரவு வேறு விதமாகக் கழிந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

சென்னையில் இதே பிழை மறுமுறையும் நேர்ந்தது. ஏப்ரல் 24-ந் தேதி, சென்னை, கோவை, மதுரை நகரங்களில் 26-ந் தேதி காலை முதல் 29-ந் தேதி இரவு வரை முழு ஊரடங்கு என்று மாநில சர்க்கார் அறிவித்தனர். மளிகைக் கடையும் கிடையாது என்றதும், இடையில் அகப்பட்ட 25-ந் தேதி சனிக்கிழமையன்று காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் நெருங்கிய கூட்டம் யாவரும் கண்டதே. கூட்டம் கூடலாகாது என்று பிறந்த உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது! சில தினங்களுக்குள் கோயம்பேடு சந்தையே நோயின் கேந்திரமாகி, மே 5-ந் தேதி மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று. ஒரு மாநகரம் முழுவதும் ஒரே சந்தையை நம்பி வாழ்வது எவ்வளவு ஆபத்தானது என்பதும் அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது.

மருந்து விஷயத்தில் விளைந்த தீங்கு இன்னும் கொடியது. 2020 மார்ச் மாதக் கடைசியில், நோயாளிகளைப் பராமரிப்போருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் யோசனை கூறியது. அந்த யோசனை தங்களுக்கல்ல என்று தெரிந்தும் தெரியாமலும் ஜனங்கள் அம்மாத்திரையை வாங்கிக் குவித்தனர். வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று மார்ச் 26-ந் தேதி கண்டிப்பான உத்தரவு வந்தது. கொரோனாவுக்கு அது பயன்படாதென்று பின்னர் பரிசோதனைகள் காட்டின. ஆனால் லூபஸ், முடக்குவாதம் முதலிய வியாதிகளுக்கு அம்மாத்திரையை வருஷக்கணக்காக உட்கொண்டு வந்தவர்கள் கடை கடையாக அலைந்தனர். ஒருவனுக்கு வீண் தைரியம். மற்றொருவனுக்கு உயிர்த் துணை. முன்னவன் பெட்டியில் அது காலாவதியாயிற்று.

2021 மே மாதத்தில் ரெம்டெசிவிர் என்ற மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் இரவு பகலாக வரிசை நின்றது. அம்மருந்து உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் முந்தைய நவம்பரிலேயே கூறியிருந்தும், நோயாளியின் பந்துக்களிடம் சீட்டை எழுதிக் கொடுத்து வெயிலில் நிறுத்தினார்கள். விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறியது. கூட்டம் அங்கும் மாறியது. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரிகள் மூலமாகவே மருந்தைத் தருவதென்று மாநில சர்க்கார் ஏற்பாடு செய்த பிறகே அவ்வரிசை கலைந்தது. மருந்து பெருகியதால் அன்று. கொடுக்கும் வழி திருந்தியதால்.

இந்த ஓட்டப் பந்தயத்தில் தோற்பவன் யார்? மாதச் சம்பளக்காரன் ஒரே நாளில் மூன்று மாதச் சாமானை வாங்க முடியும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குபவன் அவ்விதம் செய்ய இயலுமா? அவனுக்குக் கூலி கிடைக்கும் மாலை வேளையில் கடை காலியாகிவிடும். எஞ்சியிருப்பதன் விலையோ ஏறிவிடும். ஆகவே பீதியில் வாங்குவது வெறும் அசட்டுத்தனமன்று. வசதியுள்ளவன் தன் பயத்தின் கிரயத்தை ஏழையின் தலையில் சுமத்துவதாகும். 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தை நாம் மறக்கலாகாது. பர்மாவிலிருந்து அரிசி வரத்து நின்றதும், யுத்த காலத்துப் பண வீக்கமும், பயமும் பதுக்கலும் சேர்ந்து விலையை ஏற்றின. கிராமத்துக் கூலியாட்களின் வருமானம் அவ்விலையை எட்டவில்லை. உணவு அடியோடு இல்லாமற் போனதைவிட, அதை வாங்கும் சக்தி ஏழைகளுக்கு இல்லாமற் போனதே பேரழிவுக்குக் காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். 2020-இன் துன்பத்தை அம்மகா துன்பத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் பாதை ஒன்றே. அதில் எவ்வளவு தூரம் செல்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

அப்பாதையில் நம்மைத் தடுத்து நிறுத்தியது எது? நம் ரேஷன் கடைகளே என்று தயக்கமின்றிக் கூறலாம். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு ரூ.1,000 ரொக்கமும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை இலவசமாகவும் வழங்கப்பட்டன. நெரிசலைத் தவிர்க்க, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் கொடுக்கப்பட்டன. 2021-இல் முழு ஊரடங்கின்போது காய்கறிகளும் பழங்களும் வண்டிகளில் தெருவுக்கே வந்தன; ஜூன் மாதத்தில் 14 மளிகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பு வழங்கப்பட்டது. தன் பங்கு தனக்காகக் காத்திருக்கிறது என்று அறிந்தவன் ஓட மாட்டான். பீதிக்கு மருந்து உபதேசமன்று, நிச்சயம்.

வீட்டில் சிறிது சேமித்து வைப்பது தவறா என்று சிலர் கேட்கலாம். தவறில்லை. ஊர் அமைதியாக இருக்கும் நாளில் பதினைந்து நாளைக்கு வேண்டியதைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவன் நெருக்கடி நாளில் வரிசையில் ஓர் இடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறான். நம் பாட்டிமார் குதிரிலும் பானையிலும் செய்தது அதுவே. நெருக்கடி வந்த பின் வாரிக்கொள்பவன் செய்வது அதன் நேர் விரோதம்.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. அடைப்பை அறிவிக்குமுன் கடைகளின் ஏற்பாட்டை அறிவிக்க வேண்டும். பண்டங்களின் இருப்பை ஒளிக்காமல் நாள்தோறும் வெளியிட வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்ற வரையறை அலமாரி காலியாகுமுன் வர வேண்டும். முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் தனி நேரம் வேண்டும். பதுக்கல்காரன் பெரிய மனிதனாயினும் சட்டம் தயங்கலாகாது.

ஆனால் எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் போட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்க முடியாது. தேச சேவை செய்ய விரும்பும் ஊழியர்களுக்கு இது நேரடியான வேலை. தம் தெருவில் தினக்கூலி பெறும் வீடுகள் எவை, தனியே வாழும் முதியோர் யார், தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டியவர் யார் என்ற கணக்கை இன்றே எழுதி வைக்கட்டும். வதந்தி வரும் நாளில் கடைக்காரரிடம் சென்று இருப்பை விசாரித்து, உண்மையைத் தெருவுக்குச் சொல்லட்டும். மேடையில் தியாகத்தைப் பற்றிப் பேசுவது எளிது. கடையில் கடைசி இரண்டு பொட்டலங்கள் இருக்கும்போது, பின்னால் நிற்பவனை நினைத்து ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துவிட்டு வருவது அதைவிடக் கடினமான தியாகம். அடுத்த கொள்ளை நோய் என்று வரும் என்பதை யாரும் அறியார். அது வரும் நாளில் நம்மைச் சோதிக்கும் இடம் ஆஸ்பத்திரி மட்டுமன்று; மளிகைக் கடையுமேயாகும்.