பயணத் தேதி மாறினால் பணம் திரும்புமா?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மதரஸாப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, ஒலிமுகமதுபேட்டைப் பக்கமிருந்து ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். பட்டு நூலுக்குச் சாயமேற்றுவது அவருடைய தொழில். எவ்வளவு கழுவினாலும் விரல் நுனிகளில் சிவப்பும் பச்சையும் போகாது. அந்த விரல்களுக்கிடையே மடித்த ஒரு காகிதம் இருந்தது.

"ஹஜ்ரத், நீங்க பி.ஏ. படிச்சவங்க. இந்த இங்கிலீஷ் கடுதாசியக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் பி.ஏ. படித்தது வரலாறு. அக்பரின் வருவாய்த் துறையைப் பற்றிக் கேட்டிருந்தால் ஏதோ சொல்லியிருப்பேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆங்கிலம் வேறு வகை. எனினும் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, அந்தக் கடிதத்தையும் அதனுடன் இருந்த பாலிசிப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஐந்தாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தம் தாயாரை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல அவர் ஏற்பாடு செய்திருந்தார். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு இரண்டு டிக்கெட்டுகள். டிக்கெட் எடுத்தபோதே, தலைக்கு 900 ரூபாய் வீதம் பயண இன்ஷூரன்ஸும் சேர்ந்துகொண்டது. புறப்படப் பதினோரு நாட்கள் இருக்கையில், தாயார் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி, அறுவைச் சிகிச்சை, நடமாட நாலு மாதமாகும் என்ற டாக்டரின் சொல். மகன் டிக்கெட்டை ரத்துச் செய்யவில்லை. நாலு மாதம் தள்ளித் தேதியை மாற்றினார். விமானக் கம்பெனி ஒரு டிக்கெட்டுக்கு மாற்றுக் கட்டணமாக 8,500 ரூபாயும், புதிய தேதியின் கட்டண வித்தியாசமாக 6,200 ரூபாயும் வாங்கிக்கொண்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து 29,400 ரூபாய். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில், ஆஸ்பத்திரிச் சான்றிதழுடன் விண்ணப்பித்தார். வந்த பதில்தான் அந்தக் கடிதம்: தங்கள் பயணம் ரத்துச் செய்யப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டுள்ளது, ஒத்திவைப்புச் செலவு பாலிசியின் வரம்புக்குள் வராது.

"எலும்பே ஒடிஞ்சு போச்சு ஹஜ்ரத். இதுவுமா காரணம் இல்ல?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பாலிசிப் புத்தகத்தை இரண்டு இரவுகள் படித்தேன். காரணத்தை அவர்கள் மறுக்கவில்லை. பயணியோ நெருங்கிய குடும்பத்தாரோ கடுமையாக நோயுற்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பயணத்தை ரத்துச் செய்வதால் திரும்பி வராத பணத்தைத் தருவதாகவே எழுதியிருந்தது. சிக்கல் முழுவதும் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. 'ரத்து' என்பதற்கு முன்பக்கத்தில் ஒரு விளக்கம் கொடுத்து, பயணத்தை முழுமையாகக் கைவிடுவது மட்டுமே ரத்தாகும் என்று கட்டிவிட்டிருந்தார்கள். இதில் ஒரு விசித்திரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இவர் இரண்டு டிக்கெட்டுகளையும் அடியோடு ரத்துச் செய்திருந்தால், நஷ்டம் 29,400 ரூபாயைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். அதைக் கம்பெனி தர வேண்டியும் இருந்திருக்கும். சிக்கனமாக நடந்து நஷ்டத்தைக் குறைத்தார். அதனாலேயே ஒரு காசும் கிடைக்கவில்லை.

எல்லாப் பாலிசிகளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் தேதி மாற்றக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அவற்றிலும் மாற்றுக் கட்டணம் மட்டும் வருமே தவிர, புதிய தேதியின் கட்டண வித்தியாசம் பெரும்பாலும் வராது. ஏஜெண்டின் சேவைக் கட்டணம் வராது. விமானக் கம்பெனியே திருப்பித் தர வேண்டிய தொகையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்கிடுவார்கள். மனம் மாறியதற்கும், தொழிலில் அவசரம் வந்ததற்கும், விசா கிடைக்காததற்கும் பணம் கேட்க முடியாது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் முற்றிப் பயணம் நின்றால், அதுவும் பல பாலிசிகளில் விலக்கு. நம் வீட்டுப் பெரியவர்களில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாதவர் எத்தனை பேர்? விண்ணப்பத்தில் நோய் இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பத்தாண்டுச் சர்க்கரை நோயாளி' என்று டாக்டர் எழுதினால், கம்பெனிக்கு வேறு ஆதாரமே தேவையில்லை. உண்மையை எழுதினால் பிரீமியம் சற்றுக் கூடலாம், கூடட்டும்.

முன்கூட்டியே தெரிந்த ஆபத்து என்பது மற்றொரு விலக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் 4ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை மூடப்பட்டது. புயலுக்குப் பெயர் சூட்டி வானொலியில் எச்சரிக்கை வந்த பிறகு எடுத்த பாலிசி, அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்கு உதவாது. மழை பெய்யத் தொடங்கிய பின் குடை விற்க எந்த வியாபாரியும் தயங்க மாட்டான்; இன்ஷூரன்ஸ்காரர்கள் மட்டும் அப்போது கடையை மூடிவிடுவார்கள். போரும் அப்படித்தான். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைத் திடீரென மூடியபோது, எத்தனையோ பயணிகள் வழியில் சிக்கினார்கள். போர் தொடர்பான இழப்பைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

அரசாங்கத் தடை பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி 27 அன்று சவூதி அரசு வெளிநாட்டு உம்ராப் பயணிகளின் வருகையை நிறுத்திவைத்தது. இஹ்ராம் உடுத்து விமான நிலையம் வரை சென்று திரும்பியோரும் இருந்தார்கள். அரசு உத்தரவும் கொள்ளை நோயும் அன்றைய பாலிசிகள் பலவற்றில் விலக்குப் பட்டியலில் இருந்தன. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்திருந்த 2,13,000 பேருக்கும் கட்டிய பணம் பிடித்தமின்றித் திருப்பப்படும் என்று ஜூன் மாதம் மத்திய அரசு அறிவித்தது. அது இன்ஷூரன்ஸ் தந்ததன்று, அரசின் முடிவு. விமான டிக்கெட்டுகளுக்கோ உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஊரடங்குக் காலத்தில், அதே காலத்துப் பயணத்துக்காக எடுத்த டிக்கெட்டுகளுக்கு முழுப் பணமும் உடனே தர வேண்டும். அதற்கு முன் எடுத்தவற்றுக்குப் பண நெருக்கடியால் உடனே தர இயலாத கம்பெனி, அத்தொகையைப் பயணியின் பெயரில் வரவு வைத்து, 2021 மார்ச் 31 வரை பயன்படுத்த அனுமதிக்க வேண்டும்; தாமதத்துக்கு ஈடாக மாதம் அரை சதவிகிதமும், 2020 ஜூன் 30க்குப் பின் முக்கால் சதவிகிதமும் கூட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. (இந்தக் கூடுதல் வட்டியா, ஈட்டுத் தொகையா என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதையும், இன்ஷூரன்ஸ் எடுப்பதே கூடுமா என்பதையும் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.)

விமானக் கம்பெனியே நொடித்துப்போனால்? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது; கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 அன்று நின்றது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. கம்பெனியின் திவாலைப் பல பாலிசிகள் வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கெட் பதிவின்போது 45 காசு கட்டினால் கிடைக்கும் இன்ஷூரன்ஸ், விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமடைந்தாலோ 10 லட்ச ரூபாய் வரை தருவது. டிக்கெட்டை ரத்துச் செய்தால் பிடிக்கும் பணத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. ஆனால் நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேனே, காசு வந்துடும்" என்கிறார்கள். உம்ரா விசாவுடன் சேர்ந்து வரும் சவூதி இன்ஷூரன்ஸும் முக்கியமாக அங்கு நேரும் அவசர மருத்துவத்துக்கானது. இங்கே வாசற்படியில் விழுந்ததற்கு அது வராது.

இரண்டு நாள் கழித்துச் சாயக்கார சகோதரர் வந்தார். விளங்கும்படி எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். இறுதியில் அவருடைய தொழிலிலிருந்தே கேட்டேன்: "மாம்பழ நிறம் வேணும்னு ஒருத்தர் நூலைக் கொடுத்தார். சாயத்தில் முக்கினதுக்கு அப்புறம், அரக்கு வேணும்னு மனசு மாறினார். கூலி யார் தலையில?"

"அவர் தலையிலதான். முக்கின சாயத்த நான் திருப்பி எடுக்க முடியுமா?"

"நீங்க கலவையில தப்புப் பண்ணி நிறம் கெட்டா?"

"என் தலையில."

"வெள்ளம் வந்து நூலெல்லாம் நனைஞ்சு போனா?"

அவர் யோசித்தார். 2015 வெள்ளம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அதுக்கு முதல்லயே பேசி வெச்சிருக்கணும் ஹஜ்ரத். பேசலன்னா சண்டைதான்" என்றார்.

இன்ஷூரன்ஸ் என்பது இந்த மூன்றாவது கேள்விக்கு முதலிலேயே பேசி வைப்பது. பேச்சை எழுதியவர்கள் அவர்கள். படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் நாம். ஃபிக்ஹுப் பாடத்தில் 'இகாலா' என்றொரு சிறு பகுதி வரும். விற்பனை முடிந்த பின் ஒருவர் வருந்தினால், மற்றவர் மனமுவந்து ஒப்பந்தத்தைக் கலைத்து அவரை விடுவிப்பது. நன்மையான செயலென்று ஆர்வமூட்டப்பட்டது; கட்டாயமன்று. 'உர்பூன்' என்பது வாங்காவிட்டால் திரும்பாத முன்பணம். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் இதை அனுமதித்தார்கள். மற்ற மூன்று மத்ஹபுகளும் ஏற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இவற்றை ஒப்பிக்கிறேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் உர்பூன் உட்கார்ந்திருப்பதை, இந்தக் காகிதத்தைப் பார்க்கும் வரை நான் நினைத்ததில்லை.

விமானக் கம்பெனியிடமிருந்து எது திரும்பும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதிப்படி, திருப்பித் தரப்படாத மலிவு டிக்கெட்டானாலும், அதில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. கேட்டால்தான் தருவார்கள், கேட்பவர் குறைவு.

இனி மனு. பாலிசியின் சொல் கம்பெனிக்குச் சாதகமாக இருப்பதை மறைக்காமல் சகோதரரிடம் சொன்னேன். ஆயினும், நஷ்டத்தைக் குறைத்துக்கொள்வதில் அக்கறை காட்டியவரைத் தண்டிப்பது நியாயமா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவிலேயே, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க இருந்த வழிகளையும் பார்க்க வேண்டும் என்ற விளக்கம் உள்ளது. முழு ரத்துக்கு எவ்வளவு தந்திருப்பீர்கள், இப்போது நாங்கள் கேட்பது எவ்வளவு என்று இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினோம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது; வக்கீல் தேவையில்லை; 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம்; கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். எங்களுக்கு வந்த பதில் முதல் கடிதத்தின் நகலாகவே இருந்தது. ஆகவே மனு சென்னைக்குப் போயிருக்கிறது. முடிவு எப்படி வருமென்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அந்த அம்மா நான்கு கால் ஊன்றுகோலுடன் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஏழு தடவை என்று எண்ணிக்கொள்கிறாராம். கம்பெனியின் கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகனிடம் மட்டும் கேட்டார்: "டிக்கெட்டு பத்திரமா இருக்குதுல்ல?"