மெய்நிகர்ப் பயிற்சியும் ஒரு துப்புரவுப் பணியாளரும்

அவசரப் பக்கவாதச் சிகிச்சையில் மருத்துவமனைப் பணியாளர்களை மெய்நிகர்க் கருவி கொண்டு பயிற்றுவிப்பதைப் பற்றிய உரையாடல்களில் கலந்துகொள்ளும்போதெல்லாம், பெங்களூருவில் கழிந்த ஒரு விடியற்காலை என் நினைவுக்கு வருகிறது.

என் பெரியப்பாவின் வலக்கை செயலிழந்து, வாய் கோணியிருந்தது. ஆறு மணிக்குள் ஒரு தனியார் மருத்துவமனையை அடைந்துவிட்டோம். செவிலியர் இந்தியில் கேட்க, தமிழ் மட்டுமே அறிந்த பெரியம்மா, முந்தைய இரவு பத்து மணிக்கு அவர் உறங்கச் சென்றதாகச் சைகையால் உணர்த்தினார். அதுவே குறிப்பேட்டில் ஏறியது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்பது பொதுவான வரம்பு. பத்து மணி என்றால் அந்தக் கதவு மூடிவிட்டது. உண்மையில் அவர் நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் குடித்து, தெளிவாகப் பேசிவிட்டே மீண்டும் படுத்திருந்தார். இதை வெளிக்கொணர்ந்தவர், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்மணி. ஊசி போடப்பட்டது, ஆனால் நாற்பது நிமிடங்கள் போயிருந்தன. இன்று அவரால் கரண்டி பிடிக்க முடிவதில்லை. அந்த நாற்பது நிமிடங்களே காரணம் என்று நான் வாதிடவில்லை; அதை எவராலும் நிறுவ இயலாது. பெருநாளம் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்ற கணக்கு மட்டும் என்னை விட்டு அகல்வதில்லை.

மெய்நிகர்ப் பயிற்சியை நான் எதிர்ப்பவன் அல்லன். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் ஆல்டிப்ளேஸ், அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு நிமிடத்தில், எஞ்சியது ஒரு மணி நேரத்தில். அதற்குமுன் இரத்த அழுத்தம் 185/110க்குக் கீழ் வரவேண்டும். இத்தகைய நோயாளிகளை அரிதாகவே காணும் சிறு மருத்துவமனையின் இளம் மருத்துவர், எவருக்கும் தீங்கின்றித் தவறு செய்து கற்க இதைவிட நல்ல வழி குறைவு. 2022இல் நிம்ஹான்சும் கர்நாடக அரசும் தொடங்கிய மூளை நலத் திட்டம் பொது மருத்துவர்களையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தது; அத்தகையோருக்கு இக்கருவி பெரிதும் உதவும்.

ஆயினும் காலம் வீணாவது பெரும்பாலும் மருத்துவரின் சிந்தனையில் அன்று. நடைக்கூடத்தில், கட்டணச் சாளரத்தில், சி.டி. அறை வாசலில். ஹெல்சின்கியில் நோயாளி வந்ததிலிருந்து ஊசி போடும்வரையான இடைநிலை நேரம் 1998இல் 105 நிமிடங்களாக இருந்து, 2011இல் 20 ஆகக் குறைந்தது. அங்கே செய்தவை மிக எளியவை: ஆம்புலன்சிலிருந்தே முன்னறிவிப்பு, நோயாளியை நேரே சி.டி. மேசைக்குக் கொண்டுசெல்லல், மருந்தை அம்மேசையிலேயே தொடங்கல். கண்ணாடி எதையும் எவரும் அணியவில்லை!

எனவே, பெங்களூருவுக்கென உருவாகும் மென்பொருளில் தள்ளுவண்டி ஊழியரும் கட்டண எழுத்தரும் இடம்பெற வேண்டும். கற்பனை நோயாளியின் மனைவி தெளிந்த ஆங்கிலத்தில் விடையளிக்கக் கூடாது. கன்னடத்திலோ தமிழிலோ தெலுங்கிலோ உருதிலோ, அழுகையினூடே, தொடர்பற்றுப் பேசவேண்டும். “எப்போது உறங்கினார்?” என்பதும் “கடைசியாக எப்போது நலமாகப் பார்த்தீர்கள்?” என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை அப்போதுதான் பயிற்சி பெறுபவர் உணர்வார். வெற்றியை அளக்க வேண்டியதும் கருவி காட்டும் மதிப்பெண்ணால் அன்று. பயிற்சிக்குப் பின் அந்த மருத்துவமனையில் ஊசி எத்தனை நிமிடத்தில் போடப்படுகிறது என்பதால்.

இதுவரை நான் பார்த்த பயிற்சித் திட்ட வரைவுகளில் மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் உண்டு. துப்புரவுப் பணியாளருக்கு ஒரு வரிகூட இல்லை.