சோற்றுக்குப் பதில் களியா, காலிபிளவரா?



"சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது இன்னொரு யோசனையும் பரவி வருகிறது. காலிபிளவரைத் துருவி, ஆவியில் வேகவைத்து, சோற்றுக்குப் பதில் உண்ணலாம் என்கிறார்கள். மத்தூர்ப் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. ஓசூர்ப் பக்கம் காலிபிளவரும் விளைகிறது. எதை நம்புவது? அளந்து பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் காலிபிளவர். 100 கிராம் துருவலையும் 100 கிராம் சோற்றையும் தனித்தனித் தட்டுகளில் பரப்பி, நன்றாகக் காயும்வரை வெயிலில் வைத்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். சோற்றில் ஏறத்தாழ 30 கிராம் மிஞ்சும். அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. காலிபிளவரில் 10 கிராம் அளவே மிஞ்சும். மற்றதெல்லாம் தண்ணீர்! வயிறு நிறையும், மாவுச்சத்து குறையும் என்பது உண்மையே. ஆனால் ஓடியாடி வளரும் உங்களுக்கு வேண்டிய ஆற்றலை அது மட்டும் தந்துவிடாது.

அடுத்தது ராகி. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. ராகியில் சுமார் 67 கிராம். வேறுபாடு அவ்வளவுதான். ராகியின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவில் உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் ராகியில் பல மடங்கு அதிகம். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வழங்கத் தொடங்கியதை இதனாலேயே வரவேற்கிறேன்.

ஆனால் ராகியை மாவாக்கித்தானே களி கிண்டுகிறோம்? இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிவிடும். செரிமான நொதிகள் மேற்பரப்பில்தான் வேலை செய்கின்றன. எனவே தானியம் நைய நைய, சர்க்கரை விரைவாக இரத்தத்தில் சேர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்று 2025-இல் வெளியாயிற்று. நாம் பெறும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுப்பொருள்களிலிருந்து வருகிறது என்கிறது அது. அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுப்பொருளில் ஒரு பங்கைக் குறைத்து, பருப்பு, பால் போன்ற புரத உணவைச் சேர்ப்பதே பயன் தரக்கூடும் என்றும் கூறுகிறது.

ஆகவே, களியா காலிபிளவரா என்பதல்ல கேள்வி. எவ்வளவு என்பதே கேள்வி. களி உருண்டை சற்றுச் சிறுக்கட்டும். கீரையும் அவரைக்காயும் பருப்பும் பெருகட்டும். காலிபிளவரைப் பொரியலாகவே உண்டாலும் அதே பயன்தான். நீரிழிவுக்கு மருந்து உண்ணும் பெரியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென நிறுத்தலாகாது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.

இன்றிரவு தாத்தாவின் தட்டில் மூன்றாவது உருண்டை விழும்போது, இந்தக் கணக்கை அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.