வெள்ளிக்கிழமை வரும் வயிற்றுவலி

தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். உளவளத்துணைப் பயிற்சி எடுத்திருப்பதால் அந்த வேலையும் என்னுடையதுதான். அதற்கென்று தனி அறை கிடையாது. விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறையில் ஒரு பாயை விரித்து, கலர் பென்சிலும் களிமண்ணும் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வயிற்றுவலி வரும். சுருண்டு படுத்து அழுவான். தோட்டத்து மருந்துச்சாலையில் இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுத்தார்கள். அப்பாயி கோயிலில் மந்திரித்து நூல் கட்டினார். நூலை நான் குறை சொல்லவில்லை, அதுவும் அன்புதான். பாயில் உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னேன். ஒரு லயக் காம்பராவை வரைந்து, அதைவிடப் பெரிதாக ஒரு போனையும் வரைந்தான். அவனுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் கோல் எடுக்க விடுவார்கள். அந்த நேரத்தில் இவன் வகுப்பில் இருப்பான், போன் அப்பாயியிடம் இருக்கும்.

வலி பொய்யில்லை. சின்னப் பிள்ளைக்குத் தன் கவலையை வாயால் சொல்லத் தெரியாது. அது வயிற்றுவலியாக, தலையிடியாக வரும். சில பிள்ளைகள் மறுபடியும் படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்குவார்கள். இதைக் கள்ளத்தனம் என்று அடித்தால் பிள்ளை வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொள்ளும்.

கோல் நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொல்ல அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டேன். மூன்று தடவை கடிதம் அனுப்பிய பிறகுதான் வந்தார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொன்னது, "டீச்சர், பெரட்டுக்குப் போகாம இங்க வந்தா அரைப்பேர்தான் விழும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அம்மா பின்னேரம் பேசுகிறார். வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

"வயித்துக்கே வழியில்ல, இதுல மனசுக்கு வைத்தியமா?" என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். சம்பளப் போராட்டத்தை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தது. பள்ளிக்குப் போனதால் உயிர் தப்பிய பிள்ளைகள், வீடும் பெற்றோரும் மண்ணுக்குள் போனதைக் கண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

ஆகவே சங்கம் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். பாடசாலை கூப்பிடுகிற நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ முழுப் பேர் போட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையிலேயே இதை வைக்கலாம். இரண்டாவது, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள சிறிய பாடசாலைகள் நாலைந்துக்குச் சேர்த்தாவது, தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரை முழுநேரமாக நியமிக்க வேண்டும். என்னைப் போல வகுப்பையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்வது அரைகுறை வேலை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டீச்சர் கூப்பிட்டால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று அர்த்தமில்லை. அந்தப் பாயில் பிள்ளை சொல்வதை லயத்தில் யாரிடமும் பேச மாட்டோம். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உரியவர்களிடம் சொல்வோம். அவசரத்துக்கு மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். அப்பாயி, அம்மாயியின் போனிலும்தான்.