நமது படத்தை நாமே எடுப்போம்



பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். மல்லிகை மணம் தெருமுனை வரை போகும். மூட்டையில் இருக்கும் துவரம் பருப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சினிமாக் கொட்டகை இடைவேளையில் ஸ்லைடு போட்டோம். பிறகு உள்ளூர் கேபிள் டி.வி.யில் நமது கடைப் பெயர் ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்தோம். இன்று எல்லாம் செல்போன் வீடியோவாகிவிட்டது. கம்பெனிகள் சரக்கு விற்பதும் அதில்தான், தொண்டு நிறுவனங்கள் நன்கொடை கேட்பதும் அதில்தான்.

எப்படிப்பட்ட படம் மனதைத் தொடும்? நமது கடற்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. சீன அதிபருடனான சந்திப்புக்காக மாமல்லபுரம் வந்த பிரதமர் மோடி, 2019 அக்டோபர் 12 காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்கிய வீடியோ நாடு முழுவதும் பேசப்பட்டது. அரசியல் கருத்துகள் எப்படியும் இருக்கட்டும்; படத்தின் முறையை மட்டும் பார்ப்போம். மேடை இல்லை, சொற்பொழிவு இல்லை. ஒருவர் குனிகிறார், பிளாஸ்டிக்கை எடுக்கிறார், பையில் போடுகிறார். யாரும் செய்யக்கூடிய செயல். அதனால்தான் அது எடுபட்டது.

வியாபாரத்திலும் இதே கதைதான். 1978-ல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கிய எச்.வசந்தகுமார், தமது கடை விளம்பரத்தில் தாமே வந்து நின்றார். பொருளுக்கு இவர் பொறுப்பு என்ற நம்பிக்கையை அந்தச் சிரித்த முகமே தந்தது. அவர் 2020-ல் மறைந்த பின்னும் அந்த முகத்தை மக்கள் மறக்கவில்லை.

இப்போது நமது தலைவலிக்கு வருவோம். 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. வாடிக்கையாளரோ இன்றும் கையை வீசிக்கொண்டு வருகிறார். கேரி பேக் இல்லை என்றால் முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போகிறார். கொடுத்தால் நமக்கு அபராதம். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அதை வாடிக்கையாளரின் வீடு வரை கொண்டுபோக நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

எனவே ஒரு யோசனை. நமது சங்கத்தின் சார்பில் ஒரு நிமிட வீடியோ எடுப்போம். ஓர் அம்மா வீட்டு ஆணியில் மாட்டியிருக்கும் துணிப்பையை எடுக்கிறார், கடைவீதிக்கு வருகிறார், நாம் பருப்பைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அந்தப் பையில் வைக்கிறோம். அவ்வளவே. நடிகர் வேண்டாம், செல்போனே போதும். படத்தில் தோன்றுவோரின் சம்மதம் மட்டும் கேட்டுக்கொள்வோம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் என எல்லா ஊர்க் கடைக்காரர்களும் ஒரே நாளில் அதை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினால், "அடுத்த கடையில் தருவார்கள்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. முதலாவது, படத்தில் காட்டுவது கடையிலும் நடக்க வேண்டும். துணிப்பையைக் காட்டிவிட்டு மேசைக்கடியில் கேரி பேக் வைத்திருந்தால் ஊரே சிரிக்கும். சரக்கைப் பற்றிய படமானால் இன்னும் கவனம் தேவை. பொய் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உற்பத்தியாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கம்பெனிக்காரர் கேட்டுக்கொண்டார் என்று தெரியாத சரக்கைப் புகழ்ந்து பேசிவிடக் கூடாது.

இரண்டாவது, நன்கொடை கேட்டு வரும் வீடியோக்கள். அழும் குழந்தையைக் கண்டால் மனம் இளகுவது இயற்கை. ஆனால் நிறுவனத்தின் பதிவு, அதன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, ரசீது ஆகியவற்றை விசாரிக்காமல் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டாம். நாம் அனுப்பினால் அது நமது கடையின் வாக்குறுதி.

கம்பெனிகளின் நடிகர் ஒரு முறை பேசிவிட்டுப் போய்விடுவார். நாமோ நாளைக் காலையிலும் அதே கல்லாவில் அதே வாடிக்கையாளர் முன் உட்கார வேண்டும். அந்த நாணயம்தான் நமது முதல். அதை முன்வைத்து நாம் எடுக்கும் ஒரு நிமிடப் படத்துக்குக் கோடி ரூபாய் விளம்பரமும் ஈடாகாது. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போம்.