பம்பின் பெருமையும் பையின் அருமையும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல் பிரிவு)

விலை உயர்ந்த பொருள் சிறந்த பொருள். பெரிய எண் பொறித்த கருவி வலிமை மிக்க கருவி. இவ்விரண்டும் கடைத்தெருவில் நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கைகள். பல சமயங்களில் இவற்றால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால், வெனீர் ஒட்டும் வேலைக்கென வெற்றிடப் பம்பு வாங்கப் புறப்படும் சிறு பட்டறைக்காரரின் கைம்முதலை இந்த நம்பிக்கைகள் கரைத்துவிடக் கூடும். பம்பின் மேல் எழுதியிருக்கும் குதிரைத்திறனையும், அது எட்டக்கூடிய கடைசி வெற்றிட அளவையும் மட்டும் பார்த்து வாங்குவது பொருந்தாது. பையையும் பசையையும் வேலையின் அளவையும் பார்த்த பிறகே பம்பைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கான காரணங்களைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை; நம் முதலாண்டு இயற்பியல் பாடத்திலேயே அவை இருக்கின்றன.

தேக்கு, ஈட்டி போன்ற உயர்ந்த மரங்களை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவியெடுத்த தாளே வெனீர். அதைச் சாதாரணப் பிளைவுட்டின் மேல் ஒட்டினால், ஒரு மரத்தில் பல மேசைகளுக்கு அழகு சேர்க்கலாம். ஒட்டும்போது தாள் முழுவதும் ஒரே சீராக அழுந்த வேண்டும். அழுந்தாத இடத்தில் பிற்பாடு கொப்புளம் எழும்பும். தட்டையான சிறு பலகைக்குச் சில கிளாம்புகள் போதும். வளைந்த நாற்காலி முதுகுக்கும், வில்போல் வளைந்த கதவுக்கும், உருண்ட விளிம்புக்கும் கிளாம்பு சரிவரப் பிடிப்பதில்லை. அங்கேதான் வெற்றிடப் பை உதவிக்கு வருகிறது. பசை தடவி வெனீரை வைத்த பலகையைக் கனமான பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, வாயை இறுக மூடி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பினால் வெளியேற்றுகிறார்கள். பை பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. பசை காயும்வரை எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கிறது.

அழுத்துவது யார்?

"பம்பு அழுத்துகிறது" என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் பம்பு எதையும் அழுத்துவதில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலமே அழுத்துகிறது. பைக்குள் இருந்துகொண்டு அதை எதிர்த்து நின்ற காற்றை வெளியேற்றுவது மட்டுமே பம்பின் பணி. நாம் ஒரு காற்றுக் கடலின் அடித்தளத்தில் வாழ்கிறோம் என்பதை டாரிசெல்லி 1644-ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். அடுத்த பத்தாண்டில் ஜெர்மானியரான ஆட்டோ வான் கெரிக், இரண்டு உலோக அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, குதிரைக் கூட்டங்கள் இருபுறமும் இழுத்தும் அவற்றைப் பிரிக்க முடியாதபடி செய்து காட்டினார். அந்தக் குதிரைகளை வென்ற அதே காற்றுதான் இன்று தச்சரின் வெனீரை அழுத்திப் பிடிக்கிறது.

இதை உணர்ந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. காற்று மண்டலத்தின் அழுத்தம் கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். அங்குலக் கணக்கில் சற்றேறக்குறைய 30. பரப்பளவில் சொன்னால் ஒரு சதுர அடிக்கு 960 கிலோகிராம். இதுவே கூரை. எத்தனை குதிரைத்திறன் கொண்ட பம்பை வாங்கினாலும் இந்தக் கூரைக்கு மேல் ஓர் அவுன்சும் கிடைக்காது. அரைக் குதிரைத்திறன் பம்பும் ஐந்து குதிரைத்திறன் பம்பும் மானியில் 25 அங்குலத்தை எட்டினால், பலகையின் மேல் விழும் அழுத்தம் இரண்டிலும் ஒன்றே.

இனிக் கணக்கைப் பாருங்கள். மானியில் 21 அங்குலம் காட்டினால் ஒரு சதுர அடிக்குச் சுமார் 670 கிலோகிராம் அழுத்தம் கிடைக்கிறது. 25 அங்குலத்தில் 800 கிலோகிராம். 29 அங்குலத்தில் 930. எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்றின் மேல் 21 அங்குல வெற்றிடமே 21 டன்னுக்கும் மேற்பட்ட சுமையை ஏற்றிவிடுகிறது. நன்றாகத் தட்டைப்படுத்திய வெனீரை ஒட்டுவதற்கு இது தாராளம். இதற்கு மேல் போனால் மென்மையான வெனீரின் துளைகள் வழியே பசை மேற்பரப்புக்குக் கசிந்து, பின்னர் பாலிஷ் பிடிக்காத கறையாக நிற்கும் அபாயமும் கூடுகிறது.

கடைசி ஓர் அங்குலத்தின் விலை

குளிர்சாதன மெக்கானிக்குகள் பயன்படுத்தும் எண்ணெய்ப் பம்புகள் ஏறத்தாழ முழு வெற்றிடத்தையே எட்டக் கூடியவை. அவர்களுக்கு அது தேவை. குழாய்களுக்குள் தங்கிய ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக வெளியேற்றுவதே அவர்கள் நோக்கம். வெனீர்க்காரரின் நோக்கம் அதுவன்று.

30 பாகை செல்சியசில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்பதை நாம் அட்டவணையில் படித்திருக்கிறோம். அதன் பொருள் என்ன? பைக்குள் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினால், அதாவது மானி 28.7 அங்குலத்தை எட்டினால், அறை வெப்பத்திலேயே நீர் கொதிக்கும். வெள்ளைப் பசையில் நீர் உண்டு. விளிம்பில் பிதுங்கிய பசையிலிருந்தும் மரத்தின் துளைகளிலிருந்தும் எழும் நீராவி பம்புக்குள் புகுந்து எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்துத் தன் குணத்தை இழக்கும். கடைசி ஓர் அங்குலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஆற்றல் இவ்வாறு பம்பையே கெடுக்கிறது. ஏற்கெனவே அத்தகைய பம்பு கையில் இருப்பவர் அதைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. வெற்றிடத்தை 25 அங்குலத்துக்குள் நிறுத்திக்கொண்டு, எண்ணெயை அடிக்கடி மாற்றி வந்தால் போதும். புதிதாக வாங்குபவர் அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதே என் வாதம்.

பார்க்க வேண்டிய எண் எது?

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றைப் பம்பு இழுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பசை தடவிய கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வெள்ளைப் பசை ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மேல்தோல் கட்டத் தொடங்கும். கோடையில் இன்னும் விரைவு. அதற்குள் பை இறுகியாக வேண்டும்.

பையிலுள்ள காற்றின் கன அளவைப் பம்பு இழுக்கும் அளவால் வகுத்து, தொடக்க அழுத்தத்துக்கும் இறுதி அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் நேரம் கிடைக்கும். பையில் 90 லிட்டர் காற்று இருக்கிறது. பம்பு நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிறது என்று கொள்வோம். 21 அங்குலத்தை எட்ட மூன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். 25 அங்குலத்துக்கு ஐந்தரை நிமிடம். 28 அங்குலத்துக்கு எட்டு நிமிடம். உண்மையில் பம்பு தன் எல்லையை நெருங்க நெருங்கச் சோர்வதால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அதே பையைத் தடவிச் சுருட்டிக் காற்றை வெளித்தள்ளாமல் 270 லிட்டரோடு மூடினால், 21 அங்குலத்துக்கே பதினொரு நிமிடம் ஆகிவிடும். பசை அதுவரை காத்திருக்காது. ஆக, மூன்று மடங்கு பெரிய பம்பு செய்யும் வேலையை இரண்டு கைகளும் கொஞ்சம் பொறுமையும் செய்துவிடுகின்றன. வீட்டு வாக்குவம் கிளீனர் ஆறு அங்குல வெற்றிடத்துக்கு மேல் தருவது அரிது. காற்றோட்டம் நின்றால் அதன் மோட்டார் சூடேறிவிடும். ஆயினும் முதற்கட்டக் காற்றை விரைந்து உறிஞ்ச அதைச் சில நொடிகள் பயன்படுத்தலாம்.

பை இறுகிய பிறகு பம்புக்கு எஞ்சியிருக்கும் வேலை ஒன்றே: ஓட்டைகள் வழியே உள்ளே நுழையும் காற்றை ஈடு செய்வது. ஓட்டை இல்லாத பைக்குச் சிறு பம்பும் போதும். ஓட்டைப் பைக்குப் பெரிய பம்பும் போதாது. வெறும் பையை இறுக்கி, வால்வை மூடிவிட்டு, மானியின் முள்ளைக் கவனியுங்கள். முள் விரைந்து இறங்கினால், பணத்தைப் பம்பில் போடாமல் பையின் தையலிலும் வாய்ப்பட்டையிலும் போடுங்கள்.

வேலைக்கேற்ற பம்பு

ஏற்கெனவே காற்றுக் கம்ப்ரசர் வைத்திருப்பவர், எப்போதோ ஒரு தட்டும் பெட்டியும் செய்பவராக இருந்தால், கம்ப்ரசர் காற்றின் வேகத்தால் உறிஞ்சும் வென்ச்சுரி சாதனம் ஒன்று போதும். அதில் அசையும் உறுப்புகளே கிடையாது. இரைச்சலும், கம்ப்ரசர் உண்ணும் மின்சாரமுமே அதன் குறைகள். மாதம் சில கதவுகளும் மேசைகளும் செய்பவருக்கு, நிமிடத்துக்கு 30 முதல் 60 லிட்டர் இழுக்கும் எண்ணெயில்லாப் பிஸ்டன் பம்பு அல்லது டயாபிரம் பம்பு ஏற்றது. அதோடு ஓர் அழுத்த ஸ்விட்ச், ஒருவழி வால்வு, சிறு வெற்றிடத் தொட்டி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால், வெற்றிடம் குறையும்போது மட்டும் பம்பு ஓடி மற்ற நேரம் ஓய்வெடுக்கும். நாள்தோறும் பெரிய பலகைகள் ஒட்டும் பட்டறைக்கு, ஓயாமல் ஓடுவதற்கென்றே செய்த, கார்பன் தகடுகள் கொண்ட சுழல் பம்பு தேவைப்படும். எந்தப் பம்பானாலும் மரத்தூளும் பசைத்துளியும் உள்ளே போகாதபடி வடிகட்டி ஒன்று இருந்தாக வேண்டும்.

"பெரிதாக வாங்கி வைத்தால் எதற்கும் உதவுமே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பல பைகளை ஒரே சமயத்தில் இறுக்க வேண்டியவருக்குப் பெரிய பம்பு உதவும். ஆனால், ஒரு பை வைத்திருப்பவரிடம் பெரிய பம்பு செய்யும் முதல் காரியம், பையின் ஓட்டையை மறைப்பது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை குறை தெரியாது. பசை பாதி காய்ந்த நிலையில் மின்சாரம் நின்றால் அப்போதுதான் தெரியும். இறுக்கமான பையும், தொட்டியும், ஒருவழி வால்வும் உள்ளவர் மின்சாரம் திரும்பும்வரை பொறுத்திருக்கலாம். மற்றவரின் வெனீர் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். விலையுயர்ந்த தாளும் கூலியும் வீணாகும்.

இடத்தையும் மறக்கலாகாது. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருப்பதால், அங்கே காற்று மண்டலத்தின் அழுத்தமே சுமார் 580 மில்லிமீட்டர்தான். சென்னையில் 25 அங்குலம் காட்டும் பம்பு அங்கே 19 அங்குலத்தோடு நின்றுவிடும். சென்னையில் 21 அங்குலத்துக்குத் திருகி வைத்த ஸ்விட்சை அப்படியே அங்கே கொண்டுபோனால், பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பின் மேல் குறை சொல்லிப் பயனில்லை. மேலே உள்ள காற்றே குறைவு.

இன்னொரு எச்சரிக்கை. டன் கணக்கான இந்தச் சுமை வெனீரின் மேல் மட்டும் விழுவதில்லை. எல்லாப் பக்கமும் விழுகிறது. உள்ளே தாங்கு கொடுக்காத வெற்றுப் பெட்டியைப் பைக்குள் வைத்தால் அது நொறுங்கும். மெல்லிய தகர டின்னை வெற்றிடத் தொட்டியாக்கினால் அது நசுங்கும். தொட்டிக்குத் தடித்த குழாயோ, அதற்கென்றே செய்த கலனோ வேண்டும்.

நமக்கென்ன கடமை?

கலைக் கல்லூரி மலரில் பம்பைப் பற்றி ஏன் என்று சிலர் நினைக்கலாம். நம் ஆய்வகத்தில் ஃபார்ட்டின் பாரமானியைப் படித்து மூன்றாம் தசமம்வரை எழுதுகிறோம். ஆவியழுத்த அட்டவணையை மனப்பாடம் செய்கிறோம். மடக்கைப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். தேர்வு முடிந்ததும் மூன்றையும் மறந்துவிடுகிறோம். அதே மூன்றும் தெரிந்திருந்தால் காப்பாற்றக் கூடிய பணத்தைக் கல்லூரி வாசலுக்கு வெளியே ஒரு தச்சர் இழந்து கொண்டிருக்கிறார். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்கும் நமக்குத் தெரியாது. காற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததை அவரிடம் சொல்ல நாம் ஒருநாளும் போனதில்லை. கருவியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. விற்பவரோ பெரிய எண்ணையே சொல்லி விற்கிறார்.

ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு தொழிற் கருவியை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மாணவர்களைக் கொண்டு எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுத வையுங்கள். அதைப் பட்டறைகளில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் செய்யுங்கள். தச்சர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல முடிந்தால் நாம் படித்தது உண்மை. முடியாவிட்டால், மதிப்பெண் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மீண்டும் முதலாண்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டியவர்கள் நாமே.